திருகோணமலையிலிருந்து நண்பர்களோடு ஒரே நாளில் மோட்டார் சைக்கிளில் போய்வர, பழைய ஊர்கள் உள்ள பாதை எது?

இந்தக் கேள்விக்கு நிலாவெளி, குச்சவெளி, புறாமலை என்றுதான் முதலில் பதில் வரும். கடலில் குளிக்க வேண்டுமென்றால் அது சரி. நீங்கள் பழைய ஊர்கள் என்று கேட்டிருப்பதால் நான் தெற்கே போகச் சொல்வேன்: சீனன்குடா, கிண்ணியா, மூதூர், சேருவில், வெருகல். போன மாசியில் நாங்கள் ஐந்து பேர் மூன்று பைக்கில் போனோம். அங்கே இங்கே திரும்பியதெல்லாம் சேர்த்து மீட்டரில் 160 கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடியிருந்தது.

விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். சீனன்குடாவில் காட்டுக்குள் பிரிட்டிஷ்காரர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்னும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டது இந்தத் துறைமுகத்தில்தான். உள்ளே விடமாட்டார்கள், அதனால் அங்கே மினக்கெட வேண்டாம்.

கிண்ணியாப் பாலத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். 396 மீற்றர். 2009இல் திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். அதற்கு முன் அந்த இடத்தைப் 'பாதை'யில்தான் கடக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது: எங்கள் பக்கத்தில் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். அப்பா இளவயதில் இந்தக் கரையோரமாக மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய் வந்தவர். ஒவ்வொரு ஆற்றங்கரையிலும் பாதை வரும்வரை குந்தியிருந்த கதையைப் பாலத்தின் பெயர் கேட்டாலே தொடங்கிவிடுவார். இப்போது உப்பாறு, கங்கை, இறால்குழி எல்லாம் பாலத்தின் மேல் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். கங்கை என்று நாங்கள் சொல்வது மகாவலியை. நாட்டின் மிக நீளமான அந்த ஆறு கொட்டியாரக்குடாவில் வந்து விழுகிறது. எல்லாம் முடிந்த கதை என்றும் நினைக்க வேண்டாம். கிண்ணியாவிலேயே குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பரில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். எங்களோடு வந்த ஒருவனின் மாமி வீடு அங்கேதான். அந்த இடத்தைத் தாண்டும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை.

மூதூரில் காலைச் சாப்பாடு. ரொட்டியும் கட்டைச் சம்பலும், பிறகு பிளேன்டீ. அப்புறம் நான் ஆசைப்பட்டுப் போன இடம்: றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரர் பிடிபட்ட புளியமரத்தடி. 1660இல் புயலில் பாய்மரம் முறிந்த கப்பலோடு இந்தக் குடாவுக்குள் வந்த வெள்ளைக்காரர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மரம் இப்போது இல்லை. 1893இல் நட்ட கல் ஒன்று உண்டு. அதில் ஒரு சின்னக் குழப்பம். கப்பல் தலைவன் நொக்ஸ் பிடிபட்டான், நொக்ஸ் 19 வருடம் சிறையிருந்தான் என்று ஒரே ஆளைச் சொல்வதுபோல எழுதியிருக்கிறது. உண்மையில் தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். தலைவனான தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் செத்துப்போனார். 19 வருடம் கிடந்து, 1679இல் மன்னார்ப் பக்கத்தில் ஒல்லாந்தர் வைத்திருந்த அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடி, 1681இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் போட்டவர் மகன். இதை நான் விளக்கிக்கொண்டிருக்க, "மச்சான், வெயில் ஏறுது" என்று இரண்டு பேர் பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள்.

தோப்பூர் தாண்டியதும் எங்கள் பைக்குக்குப் பின் ரயர் காற்றுப் போனது. ரயர் எல்லாம் பார்த்துவிட்டேன் என்று முதல்நாள் இரவு சத்தியம் செய்தவனின் பைக். ஒரு கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு போய் ஒரு ஒட்டுக் கடையைக் கண்டோம். கடைக்கார நானா ரியூப்பைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். ஒரு இடத்தில் குமிழி வந்தது. எழும்பப் பார்த்தோம். "இரிங்க தம்பி" என்று இன்னும் திருப்பினார். மூன்று இடம். பிறகு ரயருக்குள் கையை விட்டுத் தடவி, ஒரே ஒரு உடைமுள்ளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காற்றில்லாமல் ஓட ஓட ரியூப் நழுவி, அதே முள் மூன்று தடவை குத்தியிருக்கிறது. அந்த முள்ளை எடுக்காமல் ஒட்டியிருந்தால் அடுத்த ஊரில் திரும்பவும் தள்ளியிருப்போம்.

சேருவில் பௌத்த விகாரையின் தாதுகோபம், அதாவது தூபி, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய காவந்திஸ்ஸ மன்னன் காலத்தது என்பார்கள். காட்டுக்குள் மறைந்து கிடந்ததைப் போன நூற்றாண்டில்தான் துப்புரவாக்கிக் கட்டியெழுப்பினார்கள். செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். நடுப்பகலில் போனால் கல் சுடும், நாங்கள் துள்ளித் துள்ளித்தான் சுற்றினோம். இந்தப் பக்கத்து மாவிலாறு அணைக்கட்டில் 2006 ஜூலையில் தண்ணீரை மறித்ததிலிருந்துதான் கடைசிக்கட்டப் போர் தொடங்கியது. இப்போது வழியெல்லாம் வயல்.

நேரமிருந்தால் இலங்கைத்துறை முகத்துவாரத்துக்கும் திரும்பலாம். ரியூப்பில் போன ஒரு மணித்தியாலத்தால் நாங்கள் அதைத் தவிர்த்துவிட்டோம்.

வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் தங்கிப் போகிற இடம். பழைய மதில் கல்வெட்டில் கயிலாய வன்னியனார் என்ற குறுநிலத் தலைவரின் பெயர் வருகிறது. தமிழில் இருப்பதால் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பார்த்தோம், பாதிதான் பிடிபட்டது. பூசை முடிந்து நடை சாத்தியிருந்தது. மருத மர நிழலில் ஒரு மணித்தியாலம் படுத்துக் கிடந்தோம். அன்றைய நாளில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

மூன்றரைக்குத் திரும்புங்கள். பொழுதுபட்டால் அந்த வழியில் யானை வரும். எங்களுக்கு முன்னால் போன லொறிக்காரன் விளக்கை அடித்து நிறுத்தியதால் தப்பினோம். பெற்றோலை மூதூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கிண்ணியாத் தயிரை வரும்போது வாங்குங்கள், போகும்போது அல்ல. எருமைத் தயிர், மண்சட்டியில். நாங்கள் மூன்று சட்டி வாங்கிப் பின்னால் இருந்தவர்களின் மடியில் கொடுத்தோம். இரண்டு முழுசாக வீடு வந்தன. மூன்றாவது, ரயரைப் பார்த்துவிட்டேன் என்று சத்தியம் செய்தவனின் காற்சட்டையில்.