சின்ன ஊர்களில் தீயணைப்புத் துறை முதன்முதலில் எப்படி உருவானது?

வண்டியில் இல்லை, அபராதத்தில் ஆரம்பித்தது. எனக்குப் பிடித்த உதாரணம் நியூயார்க். 1648-ல் அதற்கு நியூ ஆம்ஸ்டர்டாம் என்று பெயர், மன்ஹாட்டன் தீவின் தெற்கு முனையில் டச்சுக்காரர்கள் குடியேறிய ஒரு சின்ன ஊர்.

அங்கே மரத்தில் கட்டி மண் பூசிய புகைபோக்கிகள், வைக்கோல் வேய்ந்த கூரைகள். ஒரு பொறி போதும். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அந்த வருடம் நான்கு பேரைத் தீ மேற்பார்வையாளர்களாகப் போட்டார். அவர்களுடைய முக்கிய வேலை வீடு வீடாகப் போய்ப் புகைபோக்கியில் கரி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. அடைத்திருந்தால் 3 கில்டர் (டச்சு நாணயம்) அபராதம். கவனக்குறைவால் வீடே எரிந்துவிட்டால் 25 கில்டர்! வீட்டைப் பறிகொடுத்தவனிடம் போய் அபராதமா என்று எனக்கும் முதலில் மனசு கேட்கவில்லை. ஆனால் மர வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் ஊரில் ஒருவருடைய அலட்சியம் தெருவையே கொண்டுபோய்விடும் என்று யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பணம் வாளி, ஏணி, கொக்கி வாங்கத்தான் போனது. கொக்கி எதற்கு என்றால், எரிகிற கூரையை இழுத்துப் போட, தீ பரவாமல் இருக்கப் பக்கத்துக் கட்டடத்தைச் சாய்க்க.

அபராதம் மட்டும் போதவில்லை. 1657 டிசம்பரில் வீட்டுக்கு ஒரு பீவர் தோல் (பீவர் என்பது நீரில் வாழும் ஒரு கொறிக்கும் விலங்கு, அதன் தோல் அப்போது பணம் போலப் புழங்கியது) அல்லது 8 கில்டர் என்று வரி போட்டார்கள், வீடு பெரிதோ சின்னதோ எல்லாருக்கும் ஒரே கணக்கு. 250 தோல் வாளிகள் வாங்கத் திட்டம். அப்புறம் 1658-ல் இரவுக் காவல் வந்தது. கையில் மரக் கிலுகிலுப்பையோடு தெருத் தெருவாகச் சுற்றி, தீயைப் பார்த்தால் அதைச் சுழற்றி ஊரை எழுப்புவார்கள். எழுந்தவர்கள் வரிசையில் நின்று கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் கடத்த வேண்டும்.

1664-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய் நியூயார்க் ஆனது. 1731-ல் லண்டனிலிருந்து ரிச்சர்ட் நியூஷம் செய்த இரண்டு கைப்பம்பு இயந்திரங்கள் வந்தன. அதற்காக வாளிக்கு ஓய்வு கிடைத்துவிடவில்லை, இயந்திரத்தின் தொட்டியை நிரப்ப அதே வாளி வரிசைதான் வேண்டும்.

இயந்திரத்தை இயக்கப் பழகிய ஆட்கள் வேண்டுமே? 1737-ல் அதற்கும் சட்டம் வந்தது. திடகாத்திரமான, நிதானமான ஆட்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது, பதிலுக்கு ஜூரி வேலை, ராணுவச் சேவை போன்றவற்றிலிருந்து விலக்கு. சொந்தத் தொழிலைப் போட்டுவிட்டு ஓடி வந்த இந்தத் தொண்டர்கள்தான் 1865-ல் சம்பளத் துறை வரும்வரை, நூறு வருடத்துக்கும் மேலாக, அந்த ஊரைக் காப்பாற்றினார்கள்.