கிங் தெருவை ஒருவழியாக்கினால் ஸ்ட்ரீட்கார் வேகமாக ஓடுமா?

கேள்வி: டொரொன்டோ டவுன்டவுனில் வேலை செய்கிறேன். ஸ்ட்ரீட்காரில்தான் (தெருத் தண்டவாளத்தில் ஓடும் டிராம்) போய்வருகிறேன். ரிச்மண்ட், அடிலெய்ட் தெருக்களைப் போலவே கிங், குயின் தெருக்களையும் ஒருவழிப்பாதை ஆக்கினால் என்ன?

பதில்: பலன் இருக்கும். ஆனால் கொடுக்கவேண்டிய விலை அதிகம்.

குயின் தெருவில் போகும்போது முன்கண்ணாடி வழியே பாருங்கள். ஓரத்து லேனில் கார்கள் நிற்கும். நடு லேன்களில் தண்டவாளம். இடப்பக்கம் திரும்ப வேண்டிய ஒரே ஒரு கார், எதிரே வரும் வண்டிகள் ஓயட்டும் என்று தண்டவாளத்தின் மேலேயே நிற்கும். பின்னால் 30 மீட்டர் நீள ஸ்ட்ரீட்கார், மணியடித்துக்கொண்டு. பஸ் என்றால் ஒதுங்கிப் போய்விடும், இதனால் முடியாது. ஒருவழியாக்கினால் எதிரே வண்டியே வராது, இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

சரி, எதிர்த்திசை ஸ்ட்ரீட்கார் எங்கே போகும்? வேறு தெருவுக்கு மாற்றலாம். அமெரிக்காவின் போர்ட்லண்டில் 2001 முதல் 10வது, 11வது அவென்யூக்களில் அப்படித்தான் ஓடுகிறது. அங்கே ஒரு பிளாக் 61 மீட்டர்தான். இந்த முனையில் நின்றால் அடுத்த தெரு கண்ணுக்குத் தெரியும். கிங்குக்கும் குயினுக்கும் இடையே ஏறக்குறைய 400 மீட்டர். காலையில் ஒரு தெருவில் இறங்கி, மாலையில் ஜனவரிப் பனியில் இன்னொரு தெருவுக்கு நடப்பீர்களா? இரண்டுக்கும் நடுவே இருக்கும் அடிலெய்டுக்குக் கொண்டுபோனால் தூரம் குறையும், ஆனால் தண்டவாளமும் மின்கம்பியும் இல்லாத இடமெல்லாம் புதிதாகப் போடவேண்டும். அதே தெருவில் கார்களுக்கு எதிராக ஓடவிடலாம் என்றால், சிக்னல், நிறுத்தம் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். இந்த வண்டிகளுக்குக் கதவு வலப்பக்கம் மட்டும்தான், நிறுத்தமும் அந்தப் பக்கமே வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

கிங் தெருவில் இதைவிடச் சுலபமான வழி ஒன்றைச் செய்துபார்த்தாகிவிட்டது. 2017 நவம்பரில், பாதர்ஸ்ட் முதல் ஜார்விஸ் வரை, பெரும்பாலான சந்திப்புகளில் கார்கள் வலப்பக்கம் திரும்பியே ஆகவேண்டும் என்றார்கள். தெரு இருவழியாகவே இருந்தது, தண்டவாளத்தைத் தொடவில்லை. வார நாள் பயணிகள் 72,000இலிருந்து 84,000 ஆனார்கள். 2019இல் ஏற்பாட்டை நிரந்தரமாக்கினார்கள். (கார்காரர்கள் போட்ட சத்தம் தனிக்கதை.)

ஒரே குறை, பலகையை மதிக்காதவர்கள். சிக்னல் மாறும் நேரத்தில் சந்திப்புக்குள் புகுந்து நடுவில் மாட்டிக்கொள்ளும் கார் ஒன்று போதும், மூன்று ஸ்ட்ரீட்கார் வரிசையில் நின்றுவிடும். அதைத் தடுக்க ஆள் நிற்கவேண்டும்.

ஆகவே உங்கள் கவுன்சிலரிடம் ஒருவழிப்பாதை கேட்காதீர்கள். குயினில் நாள் முழுக்க இடப்பக்கம் திரும்பத் தடை, ஸ்ட்ரீட்காருக்கு முன்னுரிமை தரும் சிக்னல், கிங்கில் சந்திப்புதோறும் கண்காணிப்பு: இந்த மூன்றையும் கேளுங்கள்.