ஷாட்கன் மேல் உள்ள பூவேலை கைவேலைதானா, அதுவும் நல்ல கைவேலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு இரட்டைக்குழல் ஷாட்கன்கள் (சிதறுகுண்டு வேட்டைத் துப்பாக்கிகள்), இரண்டிலும் கொடியும் பூவும் நிறைந்திருக்கின்றன, விலை மட்டும் பல மடங்கு வேறுபடுகிறது, ஏன் என்பதுதான் கேள்வி. விலை வித்தியாசத்தில் கணிசமான பங்கு அந்தக் கோடுகளுக்குள்தான் இருக்கிறது. பார்க்கத் தெரிந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

துப்பாக்கியைத் திறந்து குழல்கள் காலியா என்று பாருங்கள். பிறகு 10 மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எல்லாச் செதுக்கலும் அழகாகத்தான் தெரியும்.

முதலில் கொடிக்கருக்கை, அதாவது சுருள்சுருளாக ஓடும் கொடி வடிவத்தைப் பாருங்கள். பறவை, நாய், தங்கம் எல்லாம் அப்புறம். விலங்குப் படம் சட்டென்று கண்ணைக் கவர்ந்து குறையை மறைத்துவிடும். சுருளில் அப்படி ஒளிய இடமில்லை. நல்ல சுருள் வெளியிலிருந்து மையம் வரை சீராக இறுகிக்கொண்டே போகும். நடுவில் ஓரிடத்தில் வளைவு தட்டையாகி, பிறகு திடீரென்று திரும்பினால் கை தடுமாறியிருக்கிறது என்று பொருள். கிளைச் சுருள் தாய்க்கொடியை விட்டு வழுக்கிப் பிரிவதுபோல் கிளம்ப வேண்டும். குத்திட்டு நின்றால் அது ஒட்டவைத்ததுபோல் தெரியும். சுருள்களுக்கு இடையே விட்ட வெற்றிடமும் ஒரே அளவாக இருக்கிறதா பாருங்கள். வெற்றிடத்தை ஆளத் தெரிந்தவரே தேர்ந்தவர் என்பது என் கணிப்பு.

அடுத்து ஒரு தனிக் கோட்டை லென்ஸில் பாருங்கள். உளியால் வெட்டிய கோடு ‘வி’ வடிவப் பள்ளம். அதன் சுவர்கள் கண்ணாடிபோல் மின்னும். தொடக்கத்தில் ஊசிமுனையாகக் கிளம்பி, வளைவில் அகன்று, மறுபடி மெலிந்து முடியும். வளைவில் செதுக்குபவர் உளியை ஒரு பக்கம் சாய்ப்பதால்தான் அந்த அகலம் வருகிறது. அப்போது ஒரு சுவர் மற்றதைவிடப் பளிச்சென்று தெரியும். லேசர் கோட்டின் அடி சொரசொரப்பாக, பொடிப்பொடிக் குழிகளாக இருக்கும். முனை மொட்டையாக நிற்கும். அமிலத்தில் அரித்த கோட்டில் அடி மங்கலாகவும் ஓரம் ஒழுங்கற்றும் இருக்கும். இன்னொரு சோதனை, குழல்களுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள இடது தகட்டையும் வலது தகட்டையும் ஒப்பிடுவது. கைவேலையில் இரண்டும் ஒத்துப்போகும், ஆனால் அச்சாக ஒன்றாக இருக்காது. லேசரில் வெட்டி அங்கங்கே கையால் தொட்டுவிட்ட வேலைகளும் நிறைய வருகின்றன. அவற்றில் நிழல் கோடுகள் மட்டும் மின்னும், முக்கியக் கோடுகள் மங்கியிருக்கும்.

காற்றழுத்தத்தில் இயங்கும் கைப்பிடியால் வெட்டியதைச் சிலர் இயந்திர வேலை என்று ஒதுக்குகிறார்கள். அது தவறு. காற்று சுத்தியலின் வேலையைத்தான் செய்கிறது. உளியைத் திருப்புவதும் சாய்ப்பதும் கைதான்.

வேலை நடக்கும் வரிசை தெரிந்தால் குறைகளும் புரியும். கடினமாக்காத மென்மையான எஃகின் மேல்தான் செதுக்குவார்கள். தகட்டை எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, வெள்ளை மை பூசி, வரைந்து, முதலில் தாய்க்கொடியின் கோடுகளைச் சிறு சுத்தியலும் உளியுமாக வெட்டுவார்கள். பிறகு இலைகள், பின்னணி, கடைசியாக நிழல் கோடுகள். உளிமுனை பெரும்பாலும் 105 அல்லது 120 பாகை. அதன் அடியில் ‘ஹீல்’ என்ற சிறு சாய்வு தீட்டியிருப்பார்கள். உளியைத் தூக்கிப் பிடித்து வெட்ட இடம் தருவது அதுதான். அந்த ஹீல் நீளமாகிவிட்டால், இறுக்கமான வளைவில் அதன் பின்பகுதி கோட்டின் வெளி ஓரத்தை உரசிக்கொண்டே போகும். லென்ஸில் பார்த்தால் சுருளின் மையத்துக்கு அருகே, கோட்டின் வெளிவிளிம்பில் ஒரு மங்கிய கீறல்பட்டை தெரியும். நல்ல வேலையில் இது இருக்கவே இருக்காது. முனை மழுங்கினால் பிசிறு எழும்பும். முனை உடைந்ததைக் கவனிக்காமல் வெட்டினால் கோட்டின் அடியில் இரட்டை வரி விழும்.

திருகுகளை மறந்துவிடாதீர்கள். உயர்ந்த துப்பாக்கியில் திருகின் தலையை உயரமாக விட்டு, முழுக்க முறுக்கிய பிறகு மட்டமாக அராவி, காடிகள் (திருப்புளி நுழையும் பள்ளங்கள்) குழலின் திசையிலேயே வரும்படி அமைப்பார்கள். செதுக்கல் தகட்டிலிருந்து திருகின் தலைமேல் ஏறி மறுபக்கம் அறுபடாமல் இறங்கும். பழைய துப்பாக்கியில் காடி கோணலாகி அந்தப் பூ உடைந்து தெரிந்தால், யாரோ பொருந்தாத திருப்புளியால் கழற்றியிருக்கிறார்கள்.

பாணிகளை ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. லண்டனில் பர்டி நிறுவனத்தின் அடையாளம் பொடிச் சுருளும் பூங்கொத்தும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் ராயல் வகையில் இலைகள் பெரியவை, வெட்டு ஆழமானது. ஆஸ்திரியாவின் ஃபெர்லாக்கில் புடைப்பு வேலை பேர்பெற்றது. இத்தாலியின் பிரெஷா பகுதியில், குறிப்பாக கார்டோனே வால் ட்ரோம்பியாவைச் சுற்றி, புலினோ. இதில் சுத்தியல் கிடையாது. கூரிய உளியைக் கையாலேயே அழுத்தி ஆயிரமாயிரம் புள்ளிகளும் நுண்கோடுகளும் இட்டு, ஒளியும் நிழலுமாகப் படத்தை எழுப்புவார்கள். ஃபிர்மோ ஃபிரகாஸ்ஸி இதன் பெரிய பெயர். புலினோவில் நான் முதலில் தேடுவது பறவையின் கால்களையும், இறக்கை உடலோடு சேரும் மூட்டையும்தான். இறகைப் பலரும் நன்றாகப் போடுவார்கள், எலும்பு தெரிந்தவர்கள் குறைவு. புள்ளிகள் மிக ஆழமற்றவை என்பதால் கை படும் இடத்தில் இது சீக்கிரம் தேயும். அடிக்கடி வெளியே எடுத்துப்போகும் துப்பாக்கிக்கு ஆங்கிலச் சுருளே தாங்கும்.

தங்கத்தை ஒட்டுவதில்லை. பள்ளம் வெட்டி, சுவர்களின் அடியை உள்நோக்கிக் குடைந்து, தரையில் சிறு பற்கள் எழுப்பி, 24 காரட் தங்கத்தை அடித்து இறக்குவார்கள். மென்மையாக இருப்பதால் பற்களுக்கு இடையே புகுந்து பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் கரிய இடைவெளி தெரிந்தால் குடைவு போதவில்லை. நாளை அது உரியும்.

செதுக்கி முடிந்ததும் எஃகுப் பாகங்களை எலும்புக்கரி, மரக்கரியோடு பெட்டியில் வைத்துச் சிவக்கச் சூடாக்கி நீரில் இறக்குவார்கள். மேல்தோல் கடினமாகும், நீலமும் பழுப்பும் கலந்த நிறம் வரும். அதன்பின் உளி ஏறாது, வழுக்கும். பழைய சாதாரணத் துப்பாக்கியை வாங்கிப் பின்னால் பூவேலை ஏற்ற வேண்டுமானால் எஃகை மறுபடி இளக்க வேண்டும், பிறகு மறுபடி கடினமாக்க வேண்டும். இரண்டு முறையும் பாகம் முறுகும் அபாயம் உண்டு. அப்படிப்பட்ட துப்பாக்கியில் குழலும் ஆக்‌ஷனும் (குழல்கள் வந்து பூட்டிக்கொள்ளும் எஃகு உடல்) சேரும் இடத்தை ஒளிக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

மெருகேற்றும் சக்கரத்தில் பிடித்ததையும் வாங்க வேண்டாம். கோட்டின் விளிம்புகள் உருண்டு, நிழல் கோடுகள் பாதியில் காணாமல் போயிருக்கும். மேலே மறுபடி வெட்டியிருந்தால் பழைய வரி பக்கத்திலேயே எட்டிப்பார்க்கும்.

கைக்கு வந்தபின் பராமரிப்பு எளிது. மென்மையான தூரிகை, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், கோட்டில் அடைந்த அழுக்குக்கு மரக்குச்சி. ஸ்டீல் வுல்லும் உலோகப் பாலிஷும் கிட்டேயே வரக்கூடாது.