புது ஜி.எம். ஒரு நாளைக்கு மூணு தடவ ஸ்டேட்டஸ் கேக்கறார்

கேள்வி: அக்கா, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில 9 வருஷமா மெர்ச்சண்டைசரா (பையரோட ஆர்டர ஷிப்மெண்ட் வரைக்கும் பாத்துக்கற வேலை) இருக்கேன். பழைய மேனேஜர் அண்ணா "ஷிப்மெண்ட் போயிரும்ல கண்ணு"ன்னு மட்டும்தான் கேப்பாரு. அவர் ரிட்டயர் ஆகிட்டாரு, இப்ப பெங்களூர்ல இருந்து புது ஜி.எம். வந்திருக்கார். எல்லாத்துக்கும் எக்செல், எல்லா மெயில்லயும் சிசி, ஒரு நாளைக்கு மூணு தடவ ஸ்டேட்டஸ். என்னைய நம்பலையோன்னு இருக்கு, வேலைய விட்டுரலாமா? – பேர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: கண்ணு, இந்த வலி எனக்குத் தெரியும், நானும் 12 வருஷம் பனியன் கம்பெனில ஃபாலோ அப் பாத்தவதான். புது பாஸ் வந்தப்ப கோவிச்சுக்கிட்டு கேட்டாத்தான் சொல்றதுன்னு இருந்தேன், ஒரு கிரே மெலாஞ்ச் (சாம்பல் கலந்த கலர்) துணி லாட்ல ஷேட் மாறினது செவ்வாக்கிழமையே தெரிஞ்சும் வெள்ளிக்கிழமைதான் சொன்னேன், கடைசில கப்பல்ல போக வேண்டிய சரக்கு ஃப்ளைட்ல போச்சு. அந்தச் செலவ இன்னும் நெனச்சா வயித்தக் கலக்குது.

உன் ஜி.எம். எங்க இருந்து வந்திருக்கார்னு பாரு. பெங்களூர்ல பெரிய ஃபேக்டரிங்க நெறைய, ரெடியா வந்த துணிய ஒரே கூரைக்குள்ள வெட்டி தச்சு பேக் பண்ணிருவாங்க, மணிக்கு எத்தன பீஸ்னு லைனுக்கு லைன் போர்டுல எழுதறது அங்க சரிதான். நம்மூர்ல நூல் ஒரு எடம், நிட்டிங் ஒரு எடம், டையிங், காம்பாக்டிங் (துணி பின்னாடி சுருங்காம பண்றது), பிரிண்டிங்னு பாதி வேலை கம்பெனி கேட்டுக்கு வெளிய வேற யூனிட்டுங்கள்ல ஜாப் வொர்க்ல ஓடுது. பழைய அண்ணாவுக்கு அது அத்தனையும் மனப்பாடம், அதனால கேக்கல. இவருக்கு ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல, அந்தப் பயத்துலதான் கேக்கறார், உன்மேல சந்தேகம்னு எனக்குத் தோணல.

அதனால கேக்கறதுக்கு முன்னாடி நீயே குடு. காலைல 10 மணிக்கு ஒரே ஷீட்டு, எல்லா ஆர்டரும் இருக்கட்டும் ஆனா லேப் டிப் (கலர் சாம்பிள்) அப்ரூவல் வராதது, பி.பி. சாம்பிள் (மொத்தமா தைக்கறதுக்கு முன்னாடி பையர் ஓகே பண்றது) லேட்டானதுன்னு பிரச்னை இருக்கறது மட்டும் செவப்புல, மேல. ரெண்டு வாரம் இப்படி விடாம குடுத்துட்டு அப்புறம் கேபின்ல போய் சொல்லு, "சார், துணி டையிங்குக்குப் போயிட்டா ரெண்டு நாளைக்கு ஸ்டேட்டஸ்ல பெருசா ஒண்ணும் மாறாது, காலைல ஒரு தடவ குடுக்கறேன், நடுவுல ஏதாச்சும் ஆனா உடனே போன் பண்றேன்"னு. முடிஞ்சா ஒரு சனிக்கிழமை அவரையே டையிங் யூனிட்டுக்கு கூட்டிட்டுப் போ, எக்செல்ல புரியாதது அங்க அர மணி நேரத்துல புரியும்.

மெயில் வேணும்ங்கறார்னு போன் பண்றத விட்டுராத, டையிங் மாஸ்டர் சிசி மெயில பாத்து துணி அனுப்ப மாட்டாரு. பேசி முடிச்சுட்டு பேசினத ரெண்டு வரில மெயில் போடு, நாளைக்கு பையர் கேள்வி கேட்டா அது உன்னையத்தான் காப்பாத்தும்.

ஆனா எல்லார் முன்னாடியும் கத்தறது, ராத்திரி 10 மணிக்கு மேல போன் பண்றது இதெல்லாம் வேற விஷயம், அதுக்குப் பொறுத்துப் போகாத, அன்னைக்கே தனியா சொல்லிரு.

வேலை மாறறத தீபாவளி போனஸ் வாங்கின பிறகு யோசிக்கலாம், அதுக்குள்ள அவரும் ஒரு சீசன் பாத்திருப்பார். இப்ப அந்த பழைய அண்ணாவுக்கு ஒரு போன் போடு, எந்த டையிங்ல எந்தக் கலர் சொதப்பும், யாருக்கு எத்தன நாள் முன்னாடி ஞாபகப்படுத்தணும்னு ஒண்ணு விடாம கேட்டு எழுதி வெச்சுக்கோ கண்ணு, அதையும் அந்த ஷீட்லயே தனியா ஒரு காலம் (column) போட்டு எழுதிரு.