கணினிக் கேள்வி பதில்: கிராக் வேண்டாம், நேர்வழி இருக்கிறது

கேள்வி: வீட்டிலிருந்தே மனு, பயோடேட்டா, மகளிர் குழுக் கணக்கு எல்லாம் டைப் செய்து கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கியபோது கடையில் போட்டுத் தந்த எம்.எஸ். ஆபீஸ் இப்போது லைசென்ஸ் கேட்கிறது. "லைசென்ஸ் இல்லாமலே ஓடும்படி கிராக் போட்டுத் தருகிறேன்" என்கிறார் கடைக்காரர். லிப்ரேஆபீஸ் போதும் என்கிறான் என் தம்பி. அதற்காக விண்டோஸை எடுக்க வேண்டுமா? பழைய பைல்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன.
— வாசகி, மேலூர்

பதில்: தம்பி பேச்சைக் கேளுங்கள். விண்டோஸை எடுக்க வேண்டியதே இல்லை. லிப்ரேஆபீஸ் என்பது எம்.எஸ். ஆபீஸ் போலவே கடிதம், கணக்கு எல்லாம் செய்யும் இலவச மென்பொருள்; விண்டோஸுக்குள்ளேயே மற்ற மென்பொருள்கள் போல உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பதிலை நான் திருநகர் வீட்டில் அடித்துக்கொண்டிருப்பதும் விண்டோஸில், லிப்ரேஆபீஸ் ரைட்டரில்தான்.

கிராக் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் போடும்போது முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது உங்கள் பைல் மட்டுமா? மனு எழுத வந்த பெரியவர்களின் ஆதார் எண், ரேஷன் கார்டு விவரம், பேங்க் பாஸ்புக் நகல் எல்லாம் அதில்தான் கிடக்கும். உங்களை நம்பிக் கொடுத்தவர்களுக்காகவாவது அந்தக் கதவைத் திறந்துவிடாதீர்கள்.

லிப்ரேஆபீஸை அதன் சொந்தத் தளமான லிப்ரேஆபீஸ்.ஆர்க்கிலிருந்து மட்டும் இறக்குங்கள். ஓப்பன்ஆபீஸ் என்ற இன்னொரு ஆபீஸ் மென்பொருளிலிருந்து 2010இல் பிரிந்து வந்தது இது. ஒரு அறக்கட்டளை இதைப் பார்த்துக்கொள்கிறது. நன்கொடை கேட்பார்கள், கட்டாயமில்லை. பணம் கட்டினால்தான் இறங்கும் என்று வேறு ஏதாவது தளம் சொன்னால் அங்கே இறக்க வேண்டாம்.

சரி, பாமினிக்கு வருவோம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. உங்கள் விண்டோஸில் பாமினி ஏற்கெனவே இருப்பதால் பழைய பைல்கள் லிப்ரேஆபீஸிலும் தமிழாகவே திறக்கும். ஆனால் அவற்றைத் திருத்த உட்காரும் முன் 'டூல்ஸ்' மெனுவில் 'ஆட்டோகரெக்ட்'டுக்குப் போய், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வேலையை நிறுத்திவிடுங்கள். நீங்கள் அடிப்பதை அது ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டு 'திருத்தும்'. வரியின் முதல் எழுத்தே வேறு எழுத்தாகிவிடும்.

இனிமேல் அடிப்பதையாவது யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளும் தமிழ் என்றே அடையாளம் காணும் பொதுக் குறியீட்டில், அடியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பாமினியில் அடித்த மனுவை இன்னொருவர் செல்போனில் திறந்தால் தலையும் காலும் புரியாது. இ-கலப்பை என்ற கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள், இருக்கிறது. விரல் பழகிய அதே பாமினி விசையமைப்பில் நீங்கள் அடிக்க, திரையில் யூனிகோடு விழும். டைப்ரைட்டர், தமிழ்99 முறைகளும் உண்டு. ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது: லிப்ரேஆபீஸில் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு ஒரு எழுத்துரு என்று தனித்தனியாக வைக்க வேண்டும். 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் மொழிகளுக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன்பிறகு எழுத்துரு சொன்ன பேச்சைக் கேட்கும்.

அலுவலகங்களுக்கு அனுப்புவதை பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள், பக்கம் கலையாது. பெறுபவர் திருத்த வேண்டியதை எம்.எஸ். வேர்டின் டாக்எக்ஸ் வடிவில் சேமிக்கலாம். கணக்கு பைலில் யாராவது மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதி வைத்திருந்தால் அது ஒழுங்காக ஓடாமல் போகலாம்; முதலில் ஒரு நகலில் சோதித்துப் பாருங்கள். உங்கள் குழுவில் இன்னொரு பெண்ணுக்கும் வேண்டுமா? பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். கட்டற்ற மென்பொருளில் அது திருட்டு இல்லை, அதன் உரிமமே தரும் உரிமை. இதை நான் விடாமல் எழுதுவதற்கு முதல் காரணமே அதுதான்.

கேள்வி: எங்கள் கல்யாண வீடியோ சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஓடவில்லை. ஸ்டுடியோவையும் மூடிவிட்டார்கள்.
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: வி.எல்.சி. பிளேயரைப் போடுங்கள். பாரிஸில் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய திட்டம் அது. ஆரஞ்சு நிறப் போக்குவரத்துக் கூம்புதான் அடையாளம். சி.டி.யைத் திறந்தால் 'எம்பெகேவி' (MPEGAV) என்ற போல்டரும் அதற்குள் 'டேட்' (.DAT) என்று முடியும் பைலும் இருக்கும். ஓடுவதைப் பார்த்து முடித்ததும் விட்டுவிடாமல் அந்த பைலை இன்றே ஹார்டுடிஸ்குக்கு நகலெடுங்கள். சி.டி.க்கு வயதாகிறது. கீறல் விழுந்து நகல் பாதியில் நின்றால் மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைத்துவிட்டு வேறு ஒரு டிரைவில் போட்டுப் பாருங்கள். பிறகு வி.எல்.சி.யிலேயே 'கன்வர்ட்' கொடுத்து எம்.பி.4 ஆக்கினால் பேரப்பிள்ளைகள் செல்போனிலும் பார்க்கலாம்.

கேள்வி: விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதாமே? என் பழைய கம்ப்யூட்டரில் 11 ஏறாது என்கிறார்கள். 4 ஜி.பி. ராம்.
— வாசகர், அவனியாபுரம்

பதில்: 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். அதில் பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். அப்போதே பிரின்டர், வைஃபை, ஸ்பீக்கர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். போட்டோ, பத்திர ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகலெடுத்த பிறகுதான் 'இன்ஸ்டால்' பொத்தானைத் தொட வேண்டும்.