வயிற்றில் பிள்ளை, வளர்க்க வழியில்லை: தத்துக் கொடுப்பது பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடி, வயது 22: அக்கா, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஐந்து மாதம் ஆகிறது. அவர் போனை எடுப்பதில்லை. தத்துக் கொடுக்க அவர் கையெழுத்தும் வேண்டுமா?

வேண்டாம், தங்கச்சி. மணமாகாத தாய்க்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். பிள்ளை பிறந்த பிறகு, உன் மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழுவின் முன், பிள்ளையைத் தத்துக்கு ஒப்படைக்கும் பத்திரத்தில் போடுவது. அதற்கு முன் யாரிடம் என்ன வாக்குக் கொடுத்திருந்தாலும் அது உன்னைக் கட்டாது. கையெழுத்துப் போட்ட பிறகும் இரண்டு மாதம் அவகாசம் உண்டு. மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். கலைப்பதையும் யோசிக்கிறாய் என்றால், மணமாகாதவர்களுக்கும் 24 வாரம் வரை இடமுண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். நாள் குறைவு, இந்த வாரமே போய்ப் பார்.

தேவகோட்டை அம்மா: மகளுக்கு இது மூன்றாவது. ஆஸ்பத்திரியில் ஒருவர், பிள்ளையில்லாத தம்பதி இருக்கிறார்கள், செலவு போக மேலேயும் பணம் தருவார்கள் என்கிறார். அட்மிஷனையே அந்தப் பெண் பெயரில் போடலாமாம்.

அந்த ஆளோடு பேச்சை நிறுத்துங்கள், அம்மா. அடுத்தவள் பெயரில் படுத்தால் பிறப்புச் சான்றிதழும் அவள் பெயரில்தான் வரும். பெற்றவள் என்பதற்கு உங்கள் மகளிடம் ஒரு தாள்கூட இருக்காது. அவசரத்துக்கு ரத்தம் ஏற்ற நேர்ந்தால், கேஸ் ஷீட்டில் இருப்பது யாருடைய ரத்த வகை? பணம் வாங்கினால் அது விற்பனை. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை, ஆஸ்பத்திரி ஆட்களுக்கு 7 வரை. முறையாகக் கொடுப்பதென்றால் மருமகனும் கையெழுத்துப் போட வேண்டும். அது சரி, மகள் என்ன நினைக்கிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

நாட்டரசன்கோட்டை ஆச்சி: நாங்கள் நகரத்தார் பங்காளி வீட்டில் பிள்ளை கூட்டுகிறோமே, அதாவது தத்து எடுக்கிறோமே, அதுவும் தப்பா?

தப்பே இல்லை, ஆச்சி. ஒரே கோயில் பங்காளிக்குள் பிள்ளை கூட்டுவது 1956 இந்துத் தத்துச் சட்டப்படியும் செல்லும். பெற்ற இருவரும் சம்மதிக்க வேண்டும். இதிலும் பணம் கைமாறக் கூடாது. பத்திரத்தை மட்டும் மறக்காமல் பதிவு செய்துவிடுங்கள். பூர்வீக வளவு வீட்டுப் பங்குக்குச் சண்டை வரும் அன்று, விருந்து சாப்பிட்டவர்கள் யாரும் சாட்சிக்கு வர மாட்டார்கள். ஆனால் ஊருக்குத் தெரியாமல் கொடுக்க நினைக்கும் பெண்ணுக்கு இந்த வழி உதவாது.

திருமயம்: தத்துக் கொடுத்தால் என் பெயர் வெளியே வருமா?

உங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. அவர்கள் ரகசியம் காத்தே ஆக வேண்டும். பெயர் வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளை வளர்ந்து தேடி வந்தாலும் உங்களைக் கேட்காமல் விவரம் தர மாட்டார்கள்.

கண்டனூர்: பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 17தான். ஆஸ்பத்திரியில் 19 என்று சொல்லலாமா?

கூடாது. 18க்குக் கீழே என்றால் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் வரும், ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயந்து வயதைக் கூட்டினால் அவளைக் கெடுத்தவன் தப்பிப்பான், அவ்வளவுதான். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடியுங்கள், இரவிலும் எடுப்பார்கள். அப்புறம், அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். கூட ஒரு பெண் போகட்டும்.