ஆதாமின் வயிறு

அன்புள்ள ஐயா,

மறுமலர்ச்சிக் காலத்தில் கடவுளை விலக்கிவிட்டு மனிதனை நடுவில் வைத்தார்கள், அதுதான் மனிதநேயம் என்று கல்லூரியில் படித்தேன். ஆனால் அந்தக் காலத்து ஓவியங்களைத் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் மாதாவும் ஏசுவும் புனிதர்களும்தான். அப்படியானால் விலக்கியது எங்கே?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

விலக்கவே இல்லை. முன்னூறு வருஷத்துக் கதையைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் அடைத்ததால் வந்த வினை இது. பாதிப் பழி மொழிபெயர்ப்புக்கும் போகவேண்டும். மனிதநேயம் என்றால் நமக்கு வெள்ளத்தில் படகு எடுத்துப்போய் ஆட்களை மீட்பது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் 'உமானிஸ்தா' என்றால் இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, அறவியல் ஆகியவற்றைப் பழைய லத்தீன், கிரேக்க நூல்களை வைத்துச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். நான் மானுடவாதம் என்று எழுதுகிறேன், அதுவும் முழுசாகப் பொருந்துவதில்லை.

1345இல் வெரோனாவில் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் ஒரு பழைய சுவடியைக் கண்டெடுத்தார். பழைய ரோமாபுரியின் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்கள். அதுவரை அவருக்குச் சிசரோ பெரிய ஞானி. கடிதங்களில் இருந்ததோ பயப்படுகிற, புலம்புகிற, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தடுமாறுகிற ஓர் அரசியல்வாதி. மனசு உடைந்துபோய், செத்து ஏறக்குறைய 1,400 வருஷமான சிசரோவுக்கே கோபமாக ஒரு கடிதம் எழுதினார் பெத்ரார்க்! மானுடவாதம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கோபம்தான். வேதம்போல ஓதிவந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு காலத்தில், ஓர் ஊரில் வாழ்ந்த ஆள் தெரிகிறான்.

இப்படி வாசிக்கிற பழக்கம் வந்துவிட்டால் பத்திரங்களும் தப்பாது. பேரரசன் கான்ஸ்டன்டைன் மேற்கு ரோமப் பேரரசையே போப்புக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. 1440இல் லொரென்சோ வல்லா என்கிற மானுடவாத அறிஞர் அதன் லத்தீனைப் பிரித்துப் போட்டார்: நாலாம் நூற்றாண்டு ரோமாபுரியில் பாரசீக மாகாண ஆளுநரைக் குறிக்கிற 'சத்ரப்' எங்கிருந்து வந்தார்? போலி என்று அம்பலமானது. (வல்லாவுக்குச் சம்பளம் கொடுத்த அரகோன் மன்னருக்கும் போப்புக்கும் அப்போது தகராறு, அதையும் சொல்லிவிட வேண்டும்.) அப்புறம் அதே வல்லா ரோமுக்குப் போய், அடுத்து வந்த போப்பிடமே வேலைக்குச் சேர்ந்தார்.

சரி, ஓவியத்துக்கு வருகிறேன். ஃபுளோரன்ஸில் சாந்தா மரியா தெல் கார்மினே என்று ஒரு சர்ச். அதில் பட்டு வியாபாரம் செய்த பிரான்காச்சி குடும்பத்தின் சிற்றாலயச் சுவர்களில் 1420களில் மசோலினோவும் மசாச்சோவும் வரைந்திருக்கிறார்கள். எதிரெதிரே இரண்டு ஆதாம் ஏவாள். மசோலினோவின் ஜோடி மரத்தடியில் கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோல அமைதியாக நிற்கிறது. மசாச்சோவின் ஜோடி ஏதேனை விட்டுத் துரத்தப்படுகிறது. ஏவாள் முகத்தை அண்ணாந்து வாய்திறந்து அழுகிறாள். மார்பையும் இடுப்புக்குக் கீழேயும் மறைக்கிற அந்தக் கைகள் ரோமர்களின் காதல் தேவதை வீனஸின் பழைய சிலைகளில் இருப்பவை. ஆதாம் உடம்பை மறைக்கவில்லை, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறான். கதை பைபிள் கதைதான், மேலே வாளோடு தேவதூதர் இருக்கிறார், ஆனால் அழுகிறவனைப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரன் மாதிரி இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் யாருக்கோ கூச்சம் வந்து இருவருக்கும் இலை வரைந்துவிட்டார்கள். 1980களில் சுவரைச் சுத்தம் செய்தபோதுதான் அவை போயின. இணையத்தில் பழைய படமும் கிடைக்கும், இலை இல்லாத படத்தையே தேடி எடுங்கள். பெரிதாக்கி ஆதாமின் வயிற்றைப் பாருங்கள், தேம்பும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளுமே, அப்படியே இருக்கும்.